ஞாயிற்றின் புகையும் இயந்திரத்தின் துணிபும்

விழா மலருக்குக் கட்டுரையொன்று தருமாறு மலர்க்குழுவினர் பணித்தபோது, தமிழாசிரியனாகிய யான் இலக்கியப் பொருளொன்றையே எடுத்துக்கொள்வேன் என்று அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். யானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். ஆயின், அண்மையிற் கூடிய பழைய மாணவர் சங்கக் கூட்டத்திற் கேட்ட ஒரு பேச்சு என் எண்ணத்தை வேறு வழியிற் செலுத்திவிட்டது. விழா நிதியைக் கொண்டு கணினிக்கூடம் ஒன்று அமைத்தல் வேண்டும் என்ற முன்மொழிவை ஆதரித்து அன்பர் ஒருவர் பேசினார். எம் கல்லூரியிற் பயின்று இப்பொழுது கனடாவிற் பொறியியலாளராய் விளங்குபவர் அவர். "ஞாயிற்றிலே தீப்பிழம்பு எழுவதற்கு முப்பத்தைந்து நிமிடம் முன்னரே அதனை இயந்திரம் சொல்லிவிடுகின்றது. இனிப் பிள்ளைகள் பௌதிகவியலோடு மாரடிக்க வேண்டியதில்லை, இயந்திரத்தைப் பழக்கத் தெரிந்தாற் போதும்" என்றார். சபையிற் கைதட்டல் எழுந்தது. யான் தட்டவில்லை. ஏன் தட்டவில்லை என்று அருகிலிருந்தவர் வினவினார். அன்று விடை கூற நேரம் வாய்க்கவில்லை.

அவர் கூறிய செய்தி பொய்யன்று. அச்செய்தியிலிருந்து அவர் பெற்ற முடிபே பிழை என்பது என் கருத்து. அதனை விளக்குதற்கு முதலிற் செய்தியைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும்.

ஞாயிற்றின் முகத்திலே கரும்புள்ளிகள் தோன்றி மறைவதை யாவரும் அறிவர். அப்புள்ளிகளைச் சூழ்ந்த காந்தப்புலம் முறுக்கேறி முறுக்கேறி ஒரு கட்டத்திற் சடுதியாகத் தளர்ந்து தன் இணைப்பை மாற்றிக்கொள்ளும்போது, அதுகாறும் அடைபட்டிருந்த பெருஞ்சத்தி சில நிமிடங்களில் ஒளியாகவும் ஊடுகதிராகவும் வெளிப்படுகின்றது. இதனையே சுவாலை என்கின்றோம். 1859 செப்டெம்பர் 1 ஆம் நாள் முற்பகலில், இங்கிலாந்திலே ரிச்சட் கரிங்டன் என்பார் கரும்புள்ளிகளைப் படம் வரைந்துகொண்டிருக்கையில் வெண்ணிறப் பேரொளி இரண்டு திடீரென எழுந்து சில நிமிடங்களில் அடங்கியதைக் கண்டார். ஹொட்சன் என்னும் வேறொருவரும் அதனைத் தனித்துக் கண்டார். ஏறத்தாழப் பதினேழரை மணி நேரங் கழித்துப் பூமியின் காந்தப்புலம் கலங்கிற்று. தந்திக் கம்பிகளிலே தீப்பொறி பறந்தது. துருவ ஒளி கரீபியத் தீவுகள் வரை தெரிந்தது. அக்காந்தக் கலக்கத்தைப் பதிந்து வைத்த நிலையங்களுள் பம்பாயின் கொலாபா ஆய்வகமும் ஒன்று.

சுவாலையோடு எழும் முகிற்படலம் பூமியை அடைய ஒரு நாளோ மூன்று நாளோ செல்லும். அதனை எதிர்பார்த்து ஆயத்தஞ் செய்ய அவகாசம் உண்டு. ஆனால் சுவாலையின் ஊடுகதிரோ ஒளியோடு ஒளியாய் எட்டு நிமிடமும் இருபது செக்கனுங் கடந்து வந்து சேர்கின்றது. தூதனும் படையும் ஒரே கணத்தில் வாயிலில் நின்றால் தூதனாற் பயன் என்ன? கண்டபின் எச்சரிக்க வழியில்லை. காணுமுன்னரே அறிதல் வேண்டும். 2017 செப்டெம்பர் 6 இல் எழுந்த பெருஞ்சுவாலை, ஏர்மா என்னும் சூறாவளி கரீபியத் தீவுகளைச் சிதைத்துக்கொண்டிருந்த அதே நாளில், மீட்புப் பணியாளர் நம்பியிருந்த சிற்றலை வானொலியை மௌனமாக்கிற்று. ஞாயிறு உச்சியில் நிற்கும் நிலப்பரப்பிலேயே இவ்வூறு மிகுதி. நடுக்கோட்டை அண்டிய எம் கடலில் பலநாட் கலங்களிற் செல்லும் மீனவரும் சிற்றலை வானொலி வைத்திருப்பவர்களே. ஆதலின் இஃது எங்கோ நடக்கும் செய்தி என்று தள்ளிவிடத் தக்கதன்று.

இனி, முன்னறிவது எங்ஙனம்? தருக்க நூலார் அனுமானத்துக்குக் காட்டும் பழைய எடுத்துக்காட்டை எம் மாணவர் ஒவ்வொருவரும் அறிவர்: மலையிற் புகை கண்டு நெருப்புண்டு எனத் துணிதல். அங்கே நெருப்பு முன்னது, புகை பின்னது. ஞாயிற்றின் செய்தியிலோ நெருப்பு எழுமுன் எழும் புகையைத் தேடுகின்றனர். அப்புகை இருக்கும் இடம் நிறமாலை.

ஞாயிற்றொளியை அரியத்தினூடே செலுத்தினால் வானவில்லின் நிறங்கள் விரியும் என்பது சிறுபிள்ளைகளும் அறிந்தது. அந்நிறப்பட்டியை நுணுகி நோக்கின் அதன் குறுக்கே மயிரிழை போன்ற கருங்கோடுகள் பல காணப்படும். 1814 அளவில் ஜேர்மனியக் கண்ணாடி வினைஞர் பிரௌன்ஓபர் அவற்றுள் 500 இற்கு மேற்பட்டவற்றை இடங்குறித்து வைத்தார். ஒவ்வொரு மூலகமும் தனக்கென்று சில கோடுகளை உடையது என்பது 1859 அளவில் கேர்க்கோவாலும் புன்சனாலும் தெளிவாயிற்று. ஞாயிற்றொளியில் 1868 இற் கண்ட மஞ்சட் கோடு ஒன்று அறிந்த மூலகம் எதற்கும் உரியதன்று எனத் துணிந்து ஈலியம் என்று பெயரிட்டனர். பூமியிலே அதனை ராம்சே 1895 இலேதான் பிரித்துக் கண்டார். கோட்டின் இடம் சிறிது விலகினால் வாயு பாய்கின்றது என்று பொருள். கொடைக்கானல் மலையில் 1909 இல் எவர்செட் அவ்வகை விலகலைக் கொண்டே கரும்புள்ளியின் விளிம்பில் வாயு வெளிநோக்கி ஓடுவதைக் கண்டறிந்தார். கோடு பிளவுபட்டால் காந்தம் உண்டு. கோடு அகன்றால் கொந்தளிப்பு உண்டு. கருங்கோடு ஒளிக்கோடாய் மாறினால் அந்த அடுக்கு வெப்பமேறியது. எழுத்தும் சொல்லும் போல இதற்கும் ஓர் இலக்கணம் இருக்கின்றது. ஏட்டுச்சுவடி படித்துப் பழகிய கண்ணுக்கு இக்கோடுகளின்மேல் ஓர் உறவு தோன்றுவது இயல்பே.

அன்பர் குறிப்பிட்ட ஆராய்ச்சி மகனீசியத்தின் கோடுகளைப் பற்றியது. 2796, 2803 ஆங்சுற்றம் அலைநீளங்களில் உள்ள அவ்விரு கோடுகளும் ஊதாவுக்கு அப்பாலன. எம் தலைக்குமேலுள்ள ஓசோன் படலம் அவற்றைத் தரையை எட்டவிடாது. ஆகவே 2013 ஜூன் மாதம் அமெரிக்கர் ஏவிய ஐரிஸ் என்னும் செய்மதி வானிலிருந்து அவற்றைப் பதிந்து வருகின்றது. அமைதியான வேளையில் இக்கோடு நடுவே குழிந்து இருமுடியுடைய குன்று போலத் தோன்றும். சுவாலைக் காலத்தில் அக்குழி தூர்ந்து ஒரே முடியாய் அகலும். இவ்வகை வடிவங்கள் மனிதர் இருந்து எண்ணித் தீராத தொகையின. சுவிற்சலாந்தில் பணிபுரிந்த பானோஸ், கிளைன்ட் ஆகியோரும் துணைவரும் 2018 இல் வெளியிட்ட ஆய்விலே, இயந்திரத்துக்கு முன்கூட்டிப் பெயரெதுவும் சொல்லிக்கொடாது, ஒத்த வடிவங்களை ஒத்தவற்றோடு தானே சேர்க்குமாறு செய்தனர். சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887 இற் கலித்தொகையைப் பதிப்பிக்குமுன் ஏடுகளை ஒப்புநோக்கிய உழைப்பை நினைந்தேன். அளவில் ஒப்புமை இல்லை, முறையில் உண்டு.

பின் 2020 இல் பானோஸ், கிளைன்ட் இருவரும் அடுத்த படியை எடுத்தனர். சுவாலை எழுந்த பகுதிகளின் முன்னைய நிறமாலைகளையும், கரும்புள்ளி இருந்தும் சுவாலை எழாத பகுதிகளின் நிறமாலைகளையும் இயந்திரத்துக்குக் காட்டி, இரண்டையும் வேறுபடுத்துமாறு பழக்கினர். "இயந்திரக் கற்றல்" என்று இதனை வழங்குகின்றனர். கற்றல் என்ற சொல்லை இங்குப் பயன்படுத்துவது எனக்கு உடன்பாடன்று. பழகல் என்பதே பொருந்தும். அது நிற்க. சுவாலை தொடங்குவதற்கு ஏறத்தாழ 35 நிமிடம் முன்னரே நூற்றுக்கு 80 என்ற அளவிற் சரியாக இனங்காண முடிந்தது. நேரம் நெருங்க நெருங்க அது 90 வரை உயர்ந்தது. அதற்குமுன் இத்துறையில் இயந்திரத்துக்கு ஊட்டப்பட்டவை பெரும்பாலும் காந்தப்புலப் படங்களே. 2015 இல் அமெரிக்காவின் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்துப் போப்ராவும் கூவிடாவும் செய்த ஆய்வு அவ்வகையில் எடுத்துக்காட்டாய் நிற்பது. நிறமாலையை முதன்முதற் கொண்டுவந்தது இச்சுவிஸ் ஆய்வின் சிறப்பு.

நூற்றுக்கு 80 என்றதும் சபை கைதட்டியது. பரீட்சைப் புள்ளி போலும் என்று எண்ணிவிட்டனர். இங்கேதான் பழைய கதையொன்றை நினைவூட்ட வேண்டியிருக்கின்றது.

1884 இல் அமெரிக்கப் படையைச் சேர்ந்த பின்லி என்பார் சுழற்காற்றை முன்னுரைக்கும் முயற்சியில் ஈடுபட்டார். 2803 முன்னறிவிப்புகளுள் 2708 சரியாயின, நூற்றுக்கு 96.6. (மகனீசியக் கோட்டின் எண்ணும் இதுவும் ஒன்றாயிருப்பது தற்செயல், சோதிடம் தேடற்க.) யாவரும் வியந்தனர். அப்பொழுது கில்பேட் என்ற அறிஞர் ஓர் எளிய கணக்கைக் காட்டினார். சுழற்காற்று உண்மையில் வந்தது 51 முறையே. எந்நாளும் "சுழற்காற்று வராது" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருந்தால், 2752 சரியாயிருக்கும், நூற்றுக்கு 98.2! ஒன்றும் அறியாதவன் அறிந்தவனை வென்றுவிடுகின்றான். அதே ஆண்டில் மெய்யியலறிஞர் சாள்ஸ் பியேர்ஸ் இக்குறையைத் தவிர்க்கும் வேறோர் அளவையை வகுத்தார். இன்று சுவாலை முன்னறிவிப்பை மதிப்பிடுவோர் பெரிதும் ஆளுவது அவ்வளவையையே. காற்றுக்கு வகுத்த கோல் நூற்றாண்டுக்கு மேல் கழிந்தபின் ஞாயிற்றை அளக்கின்றது.

சுவிஸ் ஆய்வினர் இக்குழியில் வீழ்ந்தாரல்லர். ஆனால் அவர்தம் எண்ணைக் கேட்டுக் கைதட்டியவர் வீழ்ந்தனர். அவ்வாய்விலே, சரியாய்ச் சொன்ன விகிதம், விடுத்த எச்சரிக்கைகளுள் மெய்யானவற்றின் விகிதம், நிகழ்ந்தவற்றுள் முன்கூட்டிப் பிடிபட்டவற்றின் விகிதம் என்ற மூன்றும் 80 என்று வந்தன. மூன்றும் ஒன்றாதல், சுவாலைக்குரிய மாதிரிகளும் அல்லாதவையும் சமபாதியாய் இருந்தால் மட்டுமே இயலும் என்பதை எட்டாம் வகுப்புக் கணக்குத் தெரிந்தவரும் எழுதிப் பார்க்கலாம். ஞாயிறோ சமபாதியாய் நடந்துகொள்வதில்லை. கணக்குக்காக, நூறு அரைமணி நேரங்களுள் ஐந்தில் மட்டும் சுவாலை எழுவதாக வைத்துக்கொள்வோம். இயந்திரம் அவ்வைந்தில் நான்கைப் பிடிக்கும். மிகுதி 95 இல் ஐந்திலொன்றை, அதாவது 19 ஐ, வீணே எச்சரிக்கும். ஆக 23 எச்சரிக்கைகளில் மெய்யானவை நான்கே. "புலி வருகுது" என்று கத்திய இடைச்சிறுவன் கதையை இதற்குமேலும் சொல்ல வேண்டுமா? மின் வழங்குநரோ, துருவ வழி செல்லும் விமானத்தை ஓட்டுநரோ, பத்தொன்பது முறை ஏமாந்தபின் இருபதாவதைச் செவிமடுப்பாரா?

இவ்விடத்தில் அன்பர், "இயந்திரத்தை இன்னும் நன்றாய்ப் பழக்கினால் எண் உயருமே" என்பார். உயரும்; மறுக்கவில்லை. என் கவலை எண்ணைப் பற்றியது மாத்திரமன்று. தருக்க நூலார் அனுமானத்துக்கு ஐந்து உறுப்புக் கூறினர். மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு, உபநயம், நிகமனம். இயந்திரம் மேற்கோளும் நிகமனமும் தருகின்றது. எடுத்துக்காட்டோ கோடிக்கணக்கில் உண்டு. ஏது எங்கே? விடை சரியாயிருந்தும் செய்கை காட்டாத பிள்ளைக்கு யான் புள்ளி குறைப்பதுண்டு. பிள்ளை முறையிடும், பெற்றாரும் வந்து முறையிடுவர். பக்கத்து விடைத்தாளைப் பார்த்தெழுதிய விடையும் சரியான விடைதானே? கருவியை இயக்குவோர், சுவாலை எழக்கூடும் என்று தாம் நினைத்த இடத்துக்கே அதனைத் திருப்பியிருந்தால், இயந்திரம் ஞாயிற்றைக் கற்றதா, இயக்குவோரின் நினைவைக் கற்றதா?

ஏது அறிந்ததனால் உலகம் தப்பிய நாளொன்று உண்டு. 1967 மே 23 இல், அலாஸ்கா, கிறீன்லாந்து, இங்கிலாந்து ஆகிய இடங்களில் ஏவுகணைகளைக் காவல்செய்த அமெரிக்காவின் மூன்று றேடார் நிலையங்களும் ஒருங்கே குழம்பின. சோவியத்து நாட்டினர் வேண்டுமென்றே குழப்பினர் என்று படைத்தலைவர் ஐயுற்றனர். அதனைப் போர்ச்செயலாகக் கொள்ளவும், அணுக்குண்டு தாங்கிய விமானங்களை ஆயத்தப்படுத்தவும் தொடங்கினர். அவ்வேளையில் ஞாயிற்றைக் கண்காணித்த சிறு குழுவொன்று, அன்று பெருஞ்சுவாலை எழுந்தது என்றும், மூன்று நிலையங்களும் வெயில் படும் பக்கத்தில் இருந்தமையாலேயே குழம்பின என்றும் காரணங் காட்டிற்று. விமானங்கள் எழவில்லை. அங்கே வெறுந் துணிபு மட்டும் வந்திருந்தால், "நூற்றுக்கு எண்பது பங்கு ஞாயிறே காரணம்" என்று ஒரு பொறி சொல்லியிருந்தால், தலைவர் மிகுதி இருபதை எண்ணித் துணிந்திருக்க மாட்டாரா? படைத்தலைவரை அடக்கியது ஏது.

இதனை அறிந்தேபோலும் அச்சுவிஸ் ஆய்வினர் 2023 இல் திரும்பி வந்தனர். இம்முறை இயந்திரத்தை நோக்கி, "நீ எதைக் கண்டு அவ்வாறு துணிந்தாய்?" என்று வினவும் முறையைக் கையாண்டனர். இயந்திரம் நிறமாலையின் எப்பகுதிக்கு எடை கொடுத்தது என்பதைத் தேடிக் கண்டனர். 2798 ஆங்சுற்றம் அண்மையிலுள்ள வேறு சில மகனீசியக் கோடுகள் வழக்கமாய்க் கருங்கோடுகளாய் இருப்பவை. அவை ஒளிவிடத் தொடங்குகின்றன. கோடுகள் அகன்று ஒருபுறம் சாய்கின்றன. வாயு மேலும் கீழும் பாய்வதன் சுவடு தெரிகின்றது. அதாவது, கண்ணுக்குப் புலனாகும் சுவாலை எழுமுன்னரே ஞாயிற்றின் நிறமண்டலத்தின் கீழடுக்கு வெப்பமேறுகின்றது. இதுவே யான் தேடிய புகை! இயந்திரம் சுட்ட, மனிதன் அதனை இலக்கணங் கொண்டு படித்தான். படிப்பதற்கு அவனுக்கு எவர்செட் வேண்டியிருந்தது, கேர்க்கோ வேண்டியிருந்தது. பௌதிகவியலை விட்டுவிட்டு இயந்திரத்தைப் பழக்கியிருந்தால், அது சுட்டிய இடத்திற் காண்பது என்னவென்றே அறியாது நின்றிருப்பான்.

ஐரிஸ் மெல்லிய பிளவொன்றினூடே ஒரு சிறு பகுதியையே ஒரு நேரத்திற் காணவல்லது. ஞாயிறு முழுவதையும் காவல்செய்ய அதனால் இயலாது. இந்தியா 2023 செப்டெம்பர் 2 இல் ஸ்ரீஹரிக்கோட்டாவிலிருந்து ஏவிய ஆதித்யா எல்-1 கலத்திலே மகனீசிய ஒளியில் ஞாயிற்றின் முழு வட்டத்தையும் படமெடுக்கும் தொலைநோக்கி உண்டு. அத்திட்டத்தை இயக்கிய நிகர் ஷாஜி அம்மையார் செங்கோட்டைத் தமிழர் என்பதிற் பெருமை கொள்வோம். 2025 ஆகஸ்டில் அமெரிக்காவின் நாசாவும் ஐ.பி.எம். நிறுவனமும் சேர்ந்து வெளியிட்ட, ஒன்பது ஆண்டுப் படங்களிற் பழக்கிய பெரும் இயந்திரத்துக்குச் "சூர்யா" என்றே பெயர். செய்தி கேட்டு எம்மவர் சிலர் அகமகிழ்ந்தனர். பெயர் நம்முடையதாதலால் அறிவும் நம்முடையதாகிவிடாது.

ஆகவே விழா நிதியைப் பற்றிய என் கருத்து இது. கணினிக்கூடம் அமைக்கட்டும், தடையில்லை. ஐரிஸ் பதிந்தவை யாவும் எவரும் இலவசமாய்ப் பெறத் தக்கனவாய் உள்ளன; யாழ்ப்பாணத்து மாணவனும் சூரிச் மாணவனும் ஒரே ஏட்டை விரிக்கலாம். இத்தகைய வாய்ப்பு எம் தலைமுறைக்குக் கிட்டியதன்று. ஆனால் அக்கூடத்துக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு சிறு பங்கைக் கொண்டு, முதலில் ஞாயிற்றின் நிறமாலையைப் பிள்ளை தன் கண்ணாற் காணுமாறு செய்தல் வேண்டும். வெயிலை நேரே நோக்கலாகாது. வெண்சுவரிற் பட்டுத் தெறிக்கும் ஒளியே போதும். சோடியத்தின் கருங்கோட்டை ஒருமுறை தானே கண்டவன், பின்னர் இயந்திரம் ஒரு கோட்டைச் சுட்டும்போது வாய் பிளந்து நிற்கமாட்டான், "ஏன்?" என்பான். எண்பது என்று கேட்டாற் கைதட்டுமுன், "எதில் எண்பது?" என்பான். இதனைக் கற்பிக்கப் பௌதிகவியல் ஆசிரியர் ஆயத்தமாயிருக்கின்றார். ஏதுவும் எடுத்துக்காட்டும் இன்னவென்று கற்பிக்க வேண்டுமாயின் அப்பாடவேளையை யான் எடுத்துக்கொள்கின்றேன்.

புதிய கருவி வாங்க வேண்டியதுங் கூட இல்லை. உயர்தர வகுப்பினர் திருசியமானி என்று வழங்கும் கருவிகள் இரண்டு ஆய்வுகூடத்தின் மேற்கு மூலை அலுமாரியில், துணி சுற்றியபடி பல காலமாய்க் கிடக்கின்றன. ஒன்றின் வில்லை சற்று மங்கியிருக்கின்றது. மற்றது நன்னிலையில் உள்ளது. அலுமாரியின் திறப்பு யாரிடம் இருக்கின்றது என்பதையும் விசாரித்து வைத்திருக்கின்றேன்.